தாலி ஏறும் வரைக்கும் சமாளி

நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் நலமா என்று நீ கேட்கப்போவதும் இல்லை. அதனால் எல்லோரும் கடிதத்தின் தலையில் எழுதுகிற அந்த இரண்டு வரியை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "நல்லா இருக்கேம்ப்பா, அப்புறம் கூப்புடுறேன்" என்று நீ வைத்துவிடுகிறாய். இதை அப்படி நடுவில் வெட்ட முடியாது. படிக்காமல் மூடிவைக்கலாம், ஆனால் நீ மூட மாட்டாய். இன்றைக்கு மத்தியானம் சுகன்யாவிடம் பேசினேன். நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடம் உன்னைப் பற்றிப் பேசினேன். என்ன பேசினேன் என்பது கடைசியில் இருக்கிறது. நேராகக் கடைசிக்கு ஓடாதே. இடையில் இருப்பதைப் படிக்காமல் ஓடினால் என்னைத் திட்டத்தான் தோன்றும். திட்டு, பரவாயில்லை, ஆனால் படித்துவிட்டுத் திட்டு.

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கொல்லையில் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து இதை டைப் அடிக்கிறேன். நாளைக்கு இங்கே கல்யாணம், லைட்டும் ஜெனரேட்டரும் என் பொறுப்பு. உனக்குத் தெரியும், இந்த வீடுகள் வருஷத்தில் விரல்விட்டு எண்ணுகிற நாட்கள்தான் திறக்கும். மற்ற நாட்களில் எலிகள்தான் குடித்தனம் நடத்தும். காலையில் லைன் கொடுப்பதற்கு முன்னால் ஃபியூஸ் போர்டைத் திறந்தேன். ஃபியூஸ் கட்டையில் மெலிசான கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஆணி மாதிரி தடியாக ஒரு செம்புக் கம்பி. உள்ளூர் வயர்மேனைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டேன். "அதுவாண்ணே, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பீஸு போய்க்கிட்டே இருந்துச்சு. வீட்டுக்கார ஆச்சி சத்தம் போட்டாக. அதான் தடிச்ச கம்பியாப் போட்டுவிட்டேன். அதுலேருந்து ஒரு தொந்தரவும் இல்ல, சமாளிச்சுக்கிட்டு இருக்கு" என்றான். பெருமையாகச் சொன்னான். நான் சுவரில் இருந்த பெட்டியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினேன். வயரின் மேல்தோல் கருகி, தொட்டால் உதிர்ந்தது. "சமாளிக்கிறது பீஸு இல்லடா, செவுத்துக்குள்ள கெடக்குற வயரு" என்றேன். "இன்னம் ரெண்டு கல்யாணம் தாங்கியிருக்கும்ல அண்ணே?" என்று கேட்டான். நம் ஊரில் எல்லாக் கணக்கும் இப்படித்தான் போடப்படுகிறது.

ஒரு சர்க்யூட்டிலேயே மெலிசான இடம் ஃபியூஸ்தான். வேண்டுமென்றே மெலிசாக வைத்தது. மற்றதெல்லாம் எரியாமல் இருக்க அது முதலில் போகவேண்டும். அது போகிறபோது மனிதனுக்கு எரிச்சல் வருகிறது, அவமானமாக இருக்கிறது, பந்தியில் இருட்டாகிவிடுகிறது. அதனால் அது போகாதபடி செய்துவிடுகிறோம். செய்துவிட்டு அதற்குச் சமாளிப்பு என்று பெயர் வைக்கிறோம். இந்த வார்த்தையைக் காலையிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன். ஒரு கஷ்டத்தை எதிர்கொண்டு முடிப்பதற்கும் சமாளிப்பது என்கிறோம். முழிபிதுங்கி நிற்கிறவன் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிப்பதற்கும் சமாளிக்காதே என்கிறோம். இரண்டு எதிரெதிர் வேலைக்கு ஒரே வார்த்தை. மற்ற குடும்பங்களுக்கு இந்தக் குழப்பம் அவ்வப்போது வருகிறது. நம் குடும்பத்துக்கு இரண்டாவது அர்த்தம் மட்டும்தான் தெரியும். நீ அதில் ஊறிப்போனவன்.

கொத்தமங்கலத்தில் சுகன்யா வீட்டில் நடந்த உன் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். நீ மறக்கப் பார்க்கிறாய், அதனால் நான் சொல்கிறேன். தட்டு மாற்றுகிற நேரம். உன்னைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர். நீ "தண்ணி" என்று எழுந்து போனாய். மாப்பிள்ளை கூச்சப்படுகிறார் என்று பெண்ணின் அத்தைமார் சிரித்தார்கள். நான் பின்னாலேயே வந்தேன். வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாய். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. "அப்பா, நெஞ்சு அடைக்குதுப்பா, செத்துருவேன்போல இருக்கு" என்றாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "செத்துற மாட்ட. இது போன தடவை வந்த அதேதான். நில்லு, எறங்கும்" என்றேன். கல்நெஞ்சன் என்று நினைத்திருப்பாய். ஆனால் அந்த வீட்டில் அந்த நேரத்தில் உன்னிடம் உண்மை பேசியவன் நான் ஒருத்தன்தான். ஏனென்றால் அடுத்த நிமிஷம் உன் தாய்மாமன் வந்துவிட்டான்.

"மச்சான், நீக தள்ளுங்க" என்று என்னை ஒதுக்கிவிட்டு, உன் முகத்தில் தண்ணீர் அடித்து, துண்டால் துடைத்து, தலையை வாரிவிட்டான். பின்னாலேயே பெண்ணின் அப்பா வந்து "என்னங்க, மாப்பிள்ளைக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டார். உன் மாமன் கண் சிமிட்டவில்லை. "ஒண்ணுமில்லங்க. மருமகன் குன்றக்குடி முருகனுக்கு நேந்துக்கிட்டு ஒருபொழுது இருக்காரு. கல்யாணம் முடியுற வரைக்கும் ஒரு வேளைதான் சாப்பாடு. வெறும் வயிறு, வெயிலு வேற. லேசாக் கண்ணக் கட்டிருச்சு" என்றான். அந்த மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இந்தக் காலத்துல இப்புடி ஒரு பிள்ளையா" என்று சொல்லி உள்ளே போனார். அவர் உள்ளே போய்ச் சொன்னதும் பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நீ திரும்பி வந்து உட்கார்ந்தபோது உன்னைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் தூணைக் கட்டிக்கொண்டு நின்றவன், இப்போது பக்திமான். நீ மாமனை ஒரு பார்வை பார்த்தாய். அது நன்றி.

காரில் திரும்பும்போது நான் உன் மாமனிடம் கேட்டேன், "ஏன்டா, இந்தப் புள்ளை மாத்திரை சாப்புடுறான்னு அந்த வீட்டுல சொல்ல வேணாமா?" என்று. உன் அம்மா பின்சீட்டிலிருந்து, "நீங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கீகளா? தாலி ஏறட்டும். அதுக்கப்புறம் எல்லாம் தானாச் சரியாயிரும்" என்றாள். உன் மாமன் "அதான மச்சான். தாலி ஏறுற வரைக்கும் சமாளிச்சாப் போதும்" என்றான். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய். இந்தக் கடிதம் அந்தப் பார்வைக்குத்தான்.

மதுரையில் அந்த மனநல டாக்டரம்மாவிடம் உன்னைக் கூட்டிப்போனபோது, கடைசியில் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள் அல்லவா. நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டுக்கொண்டு, மனிதன் எந்த நெருக்கடி வந்தாலும் தனக்குத் தெரியாமலே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறான் என்றார்கள். இது என்னை என்ன செய்யும் என்பது ஒன்று. இதற்கு என்னால் என்ன செய்ய முடியும் என்பது இன்னொன்று. பாரம் எவ்வளவு என்பதைவிட இந்த இரண்டுக்கும் அவன் என்ன பதில் சொல்லிக்கொள்கிறான் என்பதுதான் அவனை நிறுத்துகிறது அல்லது கவிழ்க்கிறது என்றார்கள். எனக்கு முதலில் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் தொழிலில் லோடு என்றால் லோடுதான். ஜெனரேட்டர் அதைப் பற்றி அபிப்பிராயம் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் திரும்பி வரும்போது திருப்பத்தூர் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரே கல்யாணம், உன் மாமனுக்கு அது கொண்டாட்டம், உன் அம்மாவுக்கு அது பரீட்சை, உனக்கு அது தூக்குமேடை. ஆள் ஒரே எண்ணிக்கை, பந்தல் ஒரே பந்தல். அந்த அம்மா சொன்னது சரிதான்.

முதல் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்கிறவர்கள் நம் வீட்டில் இரண்டு பேர். ஒன்று நீ. இன்னொன்று உன் சித்தப்பா. அவன் செத்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உன் பெரிய அத்தை மகள் கல்யாணம், இதே கண்டனூரில், இரண்டு தெரு தள்ளி. நீ திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாய். பரீட்சை என்று வரவில்லை. சித்தப்பாதான் பந்தி பொறுப்பு. காலையிலிருந்து இடது கையை உதறிக்கொண்டே இருந்தான். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே, வாயு. நேத்து ராத்திரி மொச்சையைத் தின்னேன், அது புடிச்சுக்கிட்டு நிக்கிது" என்றான். சோடா குடித்தான். வேர்த்துக் கொட்டியது. "டாக்டரைப் பாக்கலாமாடா" என்றதற்கு, "இந்த நேரத்துல பந்தியை விட்டுட்டு எங்குட்டுப் போக? தாலி ஏறட்டும், அப்புறம் பாத்துக்கலாம். சமாளிச்சுருவேன்" என்றான். நானும் சரி என்று ஜெனரேட்டரைப் பார்க்கப் போய்விட்டேன். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. இலைக்கட்டு எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனவன், கட்டின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தபடி கிடந்தான். நான் போய்த் தொட்டபோது உடம்பு சூடாகத்தான் இருந்தது. ஆனால் ஆள் இல்லை. பந்தலுக்கு வந்திருந்த கம்பவுண்டர் ஒருவரை மட்டும் சத்தமில்லாமல் கூட்டிவந்து காட்டினோம். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

பிறகு என்ன நடந்தது என்று கேள். பெரியவர்கள் நாலு பேர் கூடி, ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தி, சாவியை என் கையில் கொடுத்தார்கள். "தாலி ஏறுற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுப்பா. புள்ளை வாழ்க்கை. சமாளிச்சுக்க" என்றார்கள். தம்பி உள்ளே, நான் வெளியே. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தேன், வோல்டேஜ் பார்த்தேன். ஒரு ஆள் வந்து "உங்க தம்பி எங்கண்ணே, அப்பளம் பத்தலையாம்" என்று கேட்டான். "கடைக்குப் போயிருக்கான், வந்துருவான்" என்றேன். கெட்டிமேளம் கேட்டது. நான் எழுந்து நின்றேன், அட்சதை போடுகிறவன் மாதிரி. அதன் பிறகுதான் அழுதோம். அந்தப் பெண் இன்றைக்கு இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். அன்றைக்குச் செய்தது சரியா தப்பா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. செத்தவனை ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றும் செய்ய முடியாத இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதும் ஒரு வேலைதான், அதை நான் செய்தேன். ஆனால் காலையில் கையை உதறிக்கொண்டு நின்றானே, அப்போது அவன் உயிரோடு இருந்தான். அப்போது செய்ய வேலை இருந்தது. அங்கேயும் அதே வார்த்தையைச் சொன்னான், நானும் விட்டேன். செய்ய முடிகிற இடத்துக்கும் முடியாத இடத்துக்கும் ஒரே மருந்து. அதுதான் நம் குடும்ப வைத்தியம்.

சாயந்தரம் உனக்குப் போன் பண்ணினது நான். சாவைப் போனில் சொல்லக் கூடாது என்பது இங்கே வழக்கம். "சித்தப்பாவுக்கு ஒடம்பு சரியில்லை, கெளம்பி வா" என்றேன். நீ திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தாய். நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்று, நல்ல ஆப்பிளாகப் பொறுக்கி வாங்கியிருந்தாய். தெருமுனையில் இறங்கினபோதே பந்தலும் சங்கு ஊதுகிறவனும் கண்ணில் பட்டிருப்பார்கள். கேரி பேக்கோடு அப்படியே நின்றாய். உன் மாமன் ஓடிவந்து முதலில் உன்னைப் பிடித்துச் சொன்னது, "மருமகனே, அழுகாத. நீ அழுதா ஒங்க அம்மா தாங்க மாட்டா. சமாளிச்சுக்க." நீ அழவில்லை. கடைசி வரைக்கும் அழவில்லை. பிள்ளை எவ்வளவு தைரியம் என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அந்த ஆப்பிளை யார் தின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்கு அன்றைக்குப் போட்டது தடிக் கம்பி. உன் தூணும் உன் வேர்வையும் எங்கிருந்து வருகின்றன என்று நான் சொல்லப்போவதில்லை. நான் டாக்டர் இல்லை. அது அன்றைக்கு ஆரம்பித்திருக்கலாம், அதற்கு முன்பே இருந்திருக்கலாம். ஆனால் சுவருக்குள் என்ன கருகினது என்று அன்றைக்கு யாரும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

இப்போது இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். அவன் சாவை வாயு என்றான். நீ படபடப்பைச் சாவு என்கிறாய். இரண்டு பேருக்கும் மீட்டர் படிக்கத் தெரியவில்லை. அவனுக்கு இனிமேல் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, உனக்குச் சொல்கிறேன். பம்ப்செட் மோட்டாரைப் போடும்போது ஆம்பியர் முள்ளைப் பார்த்திருக்கிறாயா? போட்ட உடனே எகிறும். ஓடும்போது எடுக்கிற கரண்டைப்போல பல மடங்கு எடுக்கும். புது ஆள் அதைப் பார்த்துப் பயந்து சட்டென்று ஆஃப் பண்ணிவிடுவான். மறுபடி போடுவான், மறுபடி எகிறும், மறுபடி ஆஃப். அப்படிச் செய்துதான் மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற காயில் கம்பி புகையும். விவரம் தெரிந்தவன் ஒன்றும் செய்ய மாட்டான். கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். மோட்டார் வேகம் எடுத்ததும் முள் தானாக இறங்கும். உன் நெஞ்சு எகிறுவது அந்த மாதிரி. டாக்டரம்மா உன் இதயத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொன்னார்கள், நானாகச் சொல்லவில்லை. ஆனால் நீ முள் இறங்கும் வரைக்கும் ஒரு தடவைகூட நின்றதில்லை. ஆபீஸ் லிஃப்டில் அது வந்தபோது இறங்கி ஓடினாய், அதிலிருந்து படிதான். கோயம்புத்தூர் பஸ்ஸில் அது வந்தபோது தாராபுரத்தில் இறங்கினாய், அதிலிருந்து ரயில்தான். ஓடினதும் நெஞ்சு ஆறுகிறது, அதனால் ஓடினதுதான் காப்பாற்றியது என்று நினைக்கிறாய். ஒவ்வொரு தடவையும் உன் உலகம் ஒரு ரூம் அளவு சின்னதாகிறது. இன்னும் கொஞ்ச நாளில் உனக்கு மிச்சமிருப்பது ஒரு தூண் மட்டும்தான்.

உன் அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் குன்றக்குடி மலையேறி வருகிறாள். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஏறும்போது இருக்கிற முகம் இறங்கும்போது இல்லை. அவளுக்கு அது வேலை செய்கிறது. ஆனால் படியேறுவது அவள், மூச்சு வாங்குவது நீ. அவள் பாரத்தை அவள் இறக்கிவைக்கலாம், உன் பாரத்தை அவள் இறக்க முடியாது. நீயோ அவளுக்காகத்தான் எல்லாவற்றையும் மறைப்பதாகச் சொல்லிக்கொள்கிறாய். அம்மா தாங்க மாட்டாள் என்று. உன் மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் மாற்றிப்போட்டுக் கொடுத்தனுப்பினவளே அவள்தான். அவள் எல்லாவற்றையும் தாங்குவாள். தாங்காதது ஊர் வாய் ஒன்றைத்தான்.

இனி சுகன்யா. போன வாரம் என்னைக் கூப்பிட்டாள். "மாமா, ஒரு சந்தேகம். ஒருபொழுதுல சாயந்தரம் காப்பி குடிக்கலாமா?" என்றாள். "யாருக்குத் தாயி?" என்றேன். "எனக்குத்தான் மாமா. அவுக எனக்காக இம்புட்டுக் கஷ்டப்பட்டு வெரதம் இருக்காக, நான் மட்டும் மூணு வேளை திங்கிறது நல்லாவா இருக்கு? நானும் அன்னையிலேருந்து ஒரு வேளைதான். சாயந்தரமாச்சுன்னா தலை சுத்துது, அதான் கேட்டேன்" என்றாள். ஊருக்கெல்லாம் முகத்துக்கு நேரே பேசுகிறவன் என்று பேர் வாங்கினவன் நான். வயர்மேனிடம் பேசினேன், டாக்டரிடம் பேசினேன், தூணைப் பிடித்துக்கொண்டிருந்த உன்னிடம் பேசினேன். அந்தப் பிள்ளையிடம், "குடிக்கலாம் தாயி, காப்பி தப்பில்லை" என்றேன். சமாளித்தேன். போனை வைத்ததும் ஸ்டோர் ரூம் சாவி கையில் இருப்பது மாதிரி இருந்தது. உனக்கும் மெசேஜ் போட்டாளாம், நானும் உங்களோடு விரதம் என்று. நீ ஒரு கும்பிடுகிற கை அனுப்பினாயாம். அன்றைக்கு ராத்திரி உன்னோடு ரூமில் இருக்கிற பையன் வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்தேன். நீ பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தாய்.

இதுதான் நீ பார்க்காத பக்கம். ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்தவன் அதோடு தப்பித்துவிடுவதில்லை. அந்தப் பாரம் காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. உனக்கு வந்த மயக்கம் இப்போது கொத்தமங்கலத்தில் ஒரு பெண்ணுக்குச் சாயந்தரம் சாயந்தரம் வருகிறது. நீ நல்ல பிள்ளை, யாரையும் நோகடிக்க மாட்டாய் என்று உன்னைச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நீ பயந்த பிள்ளை. பயந்தவன் செய்கிற கொடுமை கெட்டவன் செய்வதைவிடக் குறைச்சல் இல்லை. தாலி ஏறின பிறகு ஒரு ராத்திரி அவள் பக்கத்தில் உனக்கு அது வரும். அவள் நீ செத்துப்போகிறாய் என்று நினைத்துக் கத்துவாள். அதன் பிறகு டப்பாவைப் பார்ப்பாள். நிச்சயத்தன்று நடந்ததை யோசிப்பாள். தான் பட்டினி கிடந்ததை நினைப்பாள். உன் மாத்திரைக்காக அவள் உன்னை விட மாட்டாள் என்றே வைத்துக்கொள். அந்தக் கும்பிடுகிற கைக்காக விடுவாள். எனக்கு மகள் இருந்தால் விடச் சொல்வேன்.

காலையில் அந்த ஃபியூஸ் கட்டையிலிருந்து தடிக் கம்பியைக் கழற்றி வீசிவிட்டுக் கையைக் கழுவினேன். மத்தியானம் அவளைக் கூப்பிட்டேன்.

"சாப்ட்டியா தாயி?"

"இனிமேத்தான் மாமா. அம்மா எலை போடுறாக."

"நல்லாச் சாப்புடு. ராத்திரிக்கும் சாப்புடு. அவன் வெரதம் எதுவும் இருக்கல. அன்னைக்கு ஒங்க வீட்டுல நாங்க சொன்னது பொய்யி."

பின்னால் அவள் அம்மா "யாருடி, சோறு ஆறுது" என்பது கேட்டது.

"அப்ப அன்னைக்கு அவுகளுக்கு என்ன மாமா?"

"அதை நான் சொன்னா நல்லா இருக்காது. அவன்தான் சொல்லணும்."

"சொல்லுவாகளா?"

நீ சொல்லுவாய் என்பது வாய் வரைக்கும் வந்தது. வெளியே வராமல் பார்த்துக்கொண்டேன். "தெரியல தாயி" என்றேன்.

"சரி மாமா" என்றாள். குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. "அவுக சொல்லட்டும். அதுக்கப்புறம் சாப்புடுறேன்" என்று சொல்லிவிட்டு, போனை வைப்பதற்கு முன்னால் அங்குட்டுத் திரும்பி, "அம்மா, எலையை எடுத்துருங்க" என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. உன் நோயை நான் சொல்லவில்லை, அது உன்னுடையது. பொய்யை மட்டும் எடுத்தேன். அதில் எனக்கும் பங்கு இருந்தது. உன் அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது. தெரிந்தால் என்னை என்ன செய்வாள் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணம் நின்றாலும் நிற்கும். நின்றால் உன் மாமன் என்னோடு பேச மாட்டான், ஊர் பத்து நாள் பேசும், நீ உயிரோடு இருப்பாய்.

இதைப் படிக்கும்போதே உனக்கு ஆரம்பித்திருக்கும். கை சில்லிட்டிருக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், போனை அணைத்துவிட்டு எங்காவது போகலாம் என்று தோன்றும். அது முள் எகிறுவது. மேலேயே நிற்காது. முதல் கேள்விக்குப் பதிலை நான் சொல்லிவிட்டேன்: இது உன்னைக் கொல்லாது. இரண்டாவது கேள்விக்குப் பதில் உன் கையில் இருக்கிற போனில் இருக்கிறது. நடுங்குகிற குரலிலேயே பேசு. குரல் சரியாகட்டும், அப்புறம் பேசலாம் என்று உட்காராதே; அதற்கும் நம் வீட்டில் அதே பெயர்தான். என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதே. அன்றைக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாயே, அதை அப்படியே அவளிடம் சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

நீ இதைப் பார்த்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் நீல டிக் காட்டும். அதற்கு மேல் நீ என்ன செய்கிறாய் என்பது எனக்குத் தெரியாது, எனக்குச் சொல்லவும் வேண்டாம். ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்க என்னைக் கூப்பிடுகிறார்கள். மணி நாலரை. கொத்தமங்கலத்தில் நாளுக்கு ஒரு வேளை சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், இன்றைக்கு அந்த ஒரு வேளையும் சாப்பிடவில்லை. கூப்பிடு.